வானொலி கட்டும் காசுக்கு என்ன பெயர்?

கனடாவின் சுயாதீன இசைத்துறை பற்றித் தமிழில் எதை எடுத்தாலும் 'தனியார் வானொலிகளின் நன்கொடை' என்று வந்து நிற்கிறது. படித்துச் சலித்துவிட்டது.

நல் + கொடை, நன்கொடை. விரும்பினால் கொடுப்பது, கொடுக்காவிட்டால் யாரும் கேட்க முடியாது. பங்கு + அளிப்பு, பங்களிப்பு: தன் பங்கைத் தருவது. சொற்பிறப்பு அவ்வளவுதான்.

1982-இல் தொடங்கிய ஃபேக்டர் அமைப்பு, பாடகர்களுக்கும் சிறு இசை நிறுவனங்களுக்கும் பாட்டுப்பதிவு, சுற்றுப்பயணம், விளம்பரம் என்று பணம் தருகிறது. பிரெஞ்சுப் பாட்டுக்கு மியூசிகாக்சியோன் என்ற அமைப்பு. இந்தப் பெட்டிக்குள் அரசின் கனடா இசை நிதியமும் போடுகிறது, தனியார் வானொலிகளும் போடுகின்றன. வானொலிகள் மனமிரங்கியா போடுகின்றன? ஒழுங்குமுறை ஆணையமான சி.ஆர்.டி.சி. வருமானத்தைப் பார்த்து, கட்டச் சொல்கிறது. நிலையம் கைமாறினால், பொதுவாக விற்பனை மதிப்பில் 6 விழுக்காடு இசைக்கும் சமூக வானொலிக்கும் போயாக வேண்டும். 2024 ஜூனில், கனடிய ஒளிபரப்பு நிறுவனங்களைச் சாராத, கனடாவில் ஆண்டுக்கு 2.5 கோடி டாலருக்கு மேல் ஈட்டும் இணைய ஒலி, ஒளிபரப்புச் சேவைகளும் அந்த வருமானத்தில் 5 விழுக்காடு தர வேண்டும் என்று ஆணை வந்தது. ஆப்பிள், அமேசான், ஸ்பாட்டிஃபை எல்லாம் நீதிமன்றம் போயின. நன்கொடை கேட்டதற்கா வழக்கு?

'வரி' என்பாரும் உண்டு. அதுவும் சரியில்லை, இந்தக் காசு கஜானாவுக்குப் போவதில்லை. 'தீர்வை' என்றாலும் சுங்கச்சாவடி வாசனை. எனக்குப் பிடித்தது 'மகமை'. விருதுநகர், சிவகாசி வணிகர்கள் மூட்டைக்கு இவ்வளவு என்று எடுத்து வைத்துப் பள்ளிக்கூடம் நடத்தினார்களே, அது. தொழிலில் ஈட்டியதில் ஒரு பங்கு பொதுக்காரியத்துக்கு; தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் அதை விதித்தது ஊர், அரசு ஆணையம் இல்லை. அப்புறம், இன்று அந்தச் சொல்லுக்கே அடிக்குறிப்பு போட வேண்டும். ஆகவே 'கட்டாயப் பங்களிப்பு'. அழகு குறைவுதான், பொய் இல்லை.

இதே கட்டுரைகள் ஃபேக்டர் தருவதை 'மானியம்' என்கின்றன. உரத்துக்கும் எரிவாயுவுக்கும் விலையைக் குறைப்பது மானியம். விண்ணப்பம் பார்த்து, நடுவர் தேர்ந்து, ஒரு திட்டத்துக்குத் தருவது நல்கை. 'ஆய்வு நல்கை' என்று பல்கலைக்கழகங்களில் புழங்கும் சொல்தான். மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்துப் போடுகிறார்கள். யார் யாருக்கு ஏன் தருகிறார்கள் என்று பார்ப்பதில்லை.

ரசிகர் ஒருவர் தன் கையிலிருந்து பாடகருக்கு இருபது டாலர் கொடுத்தால், அங்கே தாராளமாக 'நன்கொடை' என்று எழுதட்டும்.