மழைத் தண்ணீர் போகும் வழியில் கடல் தண்ணீர் வரும்

தீபாவளிக்கு மறுநாள் காலை, முறுக்குத் தட்டு இன்னும் மேசையில் இருக்கும்போதே போன் வந்தது. ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர், நான் “சார்” என்று கூப்பிடுபவர். பண்டிகைக்கு மகள் வீட்டுக்குக் கோலாலம்பூர் போயிருந்தார். “தம்பி, பக்கத்துப் படகுக்காரர் போட்டோ அனுப்பியிருக்கார். நம்ம படகு பின்பக்கம் தாழ்ந்து கிடக்கு. கொஞ்சம் போய்ப் பார்க்கிறீங்களா?”

சாரின் படகு 31 அடி நீளப் பாய்மரப் படகு. 1970களின் கடைசியில் கட்டிய கனமான ஃபைபர்கிளாஸ் உடல். இன்னும் முப்பது வருடம் தாங்கும் என்று நானே அவரிடம் சொல்லியிருக்கிறேன். போய்ப் பார்த்தால், உட்கார்ந்து படகை ஓட்டும் பின்பக்கத் திறந்த பள்ளமான காக்பிட்டில் முழங்கால் அளவு தண்ணீர். இரண்டு வடிகால் ஓட்டைகளும் காய்ந்த இலையாலும் ஒரு பிளாஸ்டிக் பையாலும் அடைத்துக் கிடந்தன. நிறைந்த தண்ணீர் இருக்கைப் பெட்டிகளின் மூடி வழியாக உள்ளே கசிந்து, படகின் அடிப்பள்ளமான பில்ஜை நிரப்பி, பேட்டரியை முக்கியிருந்தது. பேட்டரி போனதும் பம்ப்பும் நின்றுவிட்டது.

இலையை எடுத்தேன். ஒரு பக்கம் வடிந்தது. மறுபக்கம் ஹோஸுக்குள், அதாவது வடிகாலிலிருந்து இறங்கும் வளைகுழாய்க்குள், எங்கோ அடைப்பு. ஹோஸைக் கழற்றிச் சுத்தம் செய்யலாம் என்று கீழே இறங்கி, முதலில் சீகாக்கை, அதாவது படகின் உடலில் உள்ள ஓட்டையைத் திறந்து மூடும் வால்வை, மூடப் பார்த்தேன். கைப்பிடி அசையவே இல்லை. ஹோஸைப் பிடித்து லேசாகத்தான் அசைத்தேன். வால்வின் மேல் மாட்டியிருந்த பித்தளை முனை அப்படியே ஒடிந்து ஹோஸோடு கையில் வந்துவிட்டது.

ஒன்றரை அங்குல ஓட்டை. நீர்மட்டத்துக்கு ஒரு அடி கீழே. அதன் வழியாகத் தண்ணீர் எப்படி வரும் என்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டு, மறுகையால் என் பெட்டியில் இருந்த மரக்கட்டை ஆப்பைத் தேடி எடுத்துச் செருகி, சுத்தியலால் இரண்டு தட்டு தட்டிய பிறகுதான் மூச்சு வந்தது. அப்புறம் உட்கார்ந்து அந்த ஒடிந்த முனையைப் பார்த்தேன். வெளியே பச்சைக் களிம்பு பிடித்த சாதாரணப் பித்தளை. ஒடிந்த இடத்திலோ மஞ்சள் நிறமே இல்லை. உடைந்த செங்கல் போல, இளஞ்சிவப்பாக, நகத்தால் சுரண்டினால் உதிர்கிற மாதிரி இருந்தது.

இருபது வருடத்துக்கு மேல் பினாங்கில் படகு வேலை பார்க்கிறேன். பழைய படகு வைத்திருப்பவர்கள் பாயைப் பற்றிக் கேட்பார்கள், இன்ஜினைப் பற்றிக் கேட்பார்கள், பெயின்ட் நிறத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார்கள். காக்பிட் வடிகாலைப் பற்றி யாரும் தானாகக் கேட்டதில்லை. கட்டிப்போட்ட இடத்திலேயே முழுகிய படகுகளில் நான் போய்ப் பார்த்தவற்றை நினைத்தால், பெரும்பாலும் இந்த மாதிரி ஒரு ஓட்டையில்தான் போய் முடியும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. டாய்லெட் வால்வு, சிங்க் வால்வு, இன்ஜின் தண்ணீர் வால்வு எல்லாவற்றையும் படகை விட்டுப் போகும்போது மூடிவிடுங்கள் என்று சொல்லலாம். காக்பிட் வடிகாலை மூட முடியாது. மூடினால் மழைத் தண்ணீர் எங்கே போகும்? அதனால் அது வருடம் முழுக்கத் திறந்தே கிடக்கும். திறந்தே கிடப்பதை யாரும் தொடமாட்டார்கள். தொடாமல் விட்ட வால்வு இறுகிவிடும். படகிலேயே மிக அவசரமாக மூட வேண்டிவரும் வால்வு, மூடவே வராத வால்வாக ஆவது இப்படித்தான்.

பழைய படகுகளில் இந்த வடிகால் எப்படிப் போகிறது என்று ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள். காக்பிட் தரையின் மூலையில் ஓட்டை. அங்கிருந்து ஹோஸ் இறங்கி, படகின் உடலில் நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள சீகாக்கில் சேரும். பல படகுகளில் இடது ஓட்டை வலதுபக்க வால்வுக்கும், வலது ஓட்டை இடதுபக்க வால்வுக்கும் குறுக்காகப் போகும். பாய் விரித்துப் படகு ஒரு பக்கம் சாயும்போது கடல் தண்ணீர் காக்பிட்டுக்குள் ஏறாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. தெரியாதவர்கள் புது ஹோஸ் போடும்போது நேராக இழுத்து மாட்டிவிடுவார்கள். அப்படிச் செய்யாதீர்கள்.

ஹோஸுக்குள் கடல் தண்ணீர் எப்போதும் நீர்மட்டம் வரைக்கும் நின்றுகொண்டே இருக்கும். அதாவது அந்த ஹோஸும், அதைப் பிடித்திருக்கும் கிளிப்பும், வால்வின் முனையும் உங்கள் படகின் உடலைப் போலவே கடலைத் தடுத்து நிற்பவை. உடல் ஒரு அங்குல ஃபைபர்கிளாஸ் என்று பெருமைப்படுகிறோம். அதே வேலையைப் பக்கத்தில் இரண்டு ரிங்கிட் விலையுள்ள கிளிப் செய்துகொண்டிருக்கிறது.

ஒன்றரை அங்குல ஓட்டை, நீர்மட்டத்துக்கு 30 சென்டிமீட்டர் கீழே என்றால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 லிட்டர் உள்ளே வரும். வீட்டுக்கு வரும் 20 லிட்டர் குடிநீர் பாட்டில் ஐந்து. பத்து நிமிடத்தில் ஒரு டன். பில்ஜ் பம்ப் பெட்டியில் மணிக்கு 1,000 கேலன் என்று போட்டிருக்கும். அமெரிக்க கேலன் கணக்கில் அது நிமிடத்துக்கு 63 லிட்டர்தான். அதுவும் தண்ணீரை மேலே ஏற்ற வேண்டியதில்லை என்றால். பம்ப்பை நம்பித் தூங்க முடியாது.

மழைக்கும் ஒரு கணக்கு உண்டு. 100 மில்லிமீட்டர் மழை, 5 சதுர மீட்டர் காக்பிட்டில் விழுந்தால் 500 லிட்டர். அரை டன் எடையைப் படகின் பின்பக்கம் ஏற்றி வைத்த மாதிரி. பின்பக்கம் தாழும். தாழ்ந்தால் காக்பிட் தரை கடல் மட்டத்துக்கு அருகே வரும். அதற்குமேல் வடிகால் திறந்திருந்தாலும் தண்ணீர் வெளியே போகாது. பினாங்கில் செப்டம்பர் முதல் நவம்பர் வரைதான் மழை கொட்டும். தீபாவளியும் அதற்குள்தான் வருகிறது. ஊருக்குப் போகிற நேரமும் அதுதான். 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் அடித்த புயல் மழையை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

சரி, அந்தச் செங்கல் நிறத்துக்கு வருகிறேன். என் அம்மா குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பார். புளியை அப்பிவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டால், திரும்பி வந்து கழுவும்போது விளக்கில் அங்கங்கே சிவந்த திட்டு தெரியும். புளியின் அமிலம் பித்தளையின் மேற்பரப்பிலிருந்து துத்தநாகத்தை எடுத்துவிட, செம்பு மிஞ்சுவதால் வரும் நிறம் அது. விளக்கில் அது மேலோடு நிற்கும். கடல் தண்ணீரில் இருக்கும் பித்தளையில் உள்ளே உள்ளே போய்க்கொண்டே இருக்கும். மஞ்சள் பித்தளையில் 40 சதவீதம் வரை துத்தநாகம். அது கரைந்து போன பிறகு மிஞ்சுவது பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையான செம்பு. வடிவம் அப்படியே இருக்கும், பலம் இருக்காது. வெண்கலத்தில் செம்போடு சேர்ப்பது வெள்ளீயம். அதனால்தான் ஐம்பது வருட வெண்கல சீகாக் இன்னும் கல் மாதிரி இருக்கிறது.

சாரின் படகில் ஆதியில் இருந்தது நல்ல வெண்கலம். சில வருடங்களுக்கு முன் ஒரு பட்டறையில் கொடுத்தபோது, “பழசு இறுகிப்போச்சு” என்று அதைக் கழற்றிவிட்டு, வீட்டுக் குழாய்க்குப் போடும், உள்ளே உருண்டை அடைப்புள்ள பித்தளை ‘பால்’ (ball) வால்வையும் பித்தளை முனையையும் மாட்டியிருக்கிறார்கள். பளபளவென்று குரோம் பூச்சு, சிவப்புக் கைப்பிடி. பார்க்க அழகாகத்தான் இருக்கும். எனக்கு இன்னும் வயிற்றெரிச்சல் தீரவில்லை. அந்த வெண்கல வால்வைச் சுத்தம் செய்ய ஒரு மதியம் போதும்.

ஹார்ட்வேர் கடையில் “வெண்கலம்தான் பாஸ்” என்று சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள். மாங்கனீசு வெண்கலம் என்று ஒன்று உண்டு. பெயரில்தான் வெண்கலம். அதிலும் ஏறக்குறைய 40 சதவீதம் துத்தநாகம்தான். படகுச் சாமானுக்கென்றே விற்கும் வெண்கல வால்வு, அல்லது கண்ணாடி இழை கலந்த நைலான் வால்வு வாங்குங்கள். நைலான் அரிக்காது. ஆனால் இறுகினால் கைப்பிடியில் முரட்டுத்தனம் காட்டக்கூடாது, உடைந்துவிடும். பழைய படகில் சக்கரம் போன்ற கைப்பிடி உள்ள கேட் வால்வு இருந்தால் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். அது மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல முடியாது. உள்ளே தண்டு ஒடிந்திருந்தாலும் சக்கரம் சுற்றிக்கொண்டுதான் இருக்கும்.

படகைக் கரையேற்றும்போது உங்களுடைய பொருத்திகளை நீங்களே சோதிக்கலாம். சிறிய சுத்தியலால் மெதுவாகத் தட்டுங்கள். நல்ல உலோகம் கணீரென்று பேசும். அரித்தது சட்டி தட்டுகிற மாதிரி மழுங்கிய சத்தம் தரும். கத்தி முனையால் ஓரத்தில் லேசாகச் சுரண்டுங்கள். மஞ்சளாக மின்னினால் பிழைத்தது. சிவந்தால் அதற்கு மேல் பேச்சே இல்லை, கழற்ற வேண்டியதுதான். உள்பக்கம் வால்வுக்குக் கீழே வைத்திருக்கும் பலகையையும் அழுத்திப் பாருங்கள். அந்தக் காலத்தில் பிளைவுட் வைத்தார்கள், அது ஊறி மெத்தென்று ஆகியிருக்கும்.

கூம்பு வடிவ அடைப்பு உள்ள பழைய வெண்கல சீகாக் உங்கள் படகில் இருந்தால், அதைக் காப்பாற்றுங்கள். நட்டைத் தளர்த்தி, கூம்பை மெதுவாகத் தட்டி வெளியே எடுக்க வேண்டும். எடுத்ததும் முதல் வேலை, கூம்பிலும் அதன் உறையிலும் ஒரே அடையாளம் குத்தி வைப்பது. இடதுபக்கக் கூம்பு வலதுபக்க உறையில் உட்காராது. பழைய கிரீஸைத் துடைத்து, வால்வு தேய்க்கும் நைஸ் பேஸ்ட்டைப் பூசி, உறைக்குள் விட்டு இப்படியும் அப்படியும் அரைச்சுற்று திருப்பிக்கொண்டே இருங்கள். அம்மியில் அரைக்கிற மாதிரி, அழுத்தம் ஒரே சீராக இருக்க வேண்டும். துடைத்துப் பார்த்தால் கூம்பைச் சுற்றி மங்கிய சாம்பல் நிறம் ஒரே மாதிரி தெரியும். நடுவில் பளபளவென்று ஒரு தீவு தெரிந்தால் இன்னும் தேய்க்க வேண்டும். ஆழமான கீறல் இருந்தால் மட்டும் தேய்த்துத் தீர்க்கப் பார்க்காதீர்கள். கூம்பு மிகவும் கீழே இறங்கி ஓட்டைகள் நேருக்கு நேர் வராமல் போகும். முடிந்ததும் பேஸ்ட்டை ஒரு துளி விடாமல் கழுவி, தண்ணீரில் கரையாத கெட்டிக் கிரீஸ் தடவிப் பூட்டுங்கள். கைப்பிடி கொஞ்சம் கெட்டியாக, ஆனால் ஒரு கையால் திரும்பினால் நட்டின் இறுக்கம் சரி.

ஹோஸுக்கு இரண்டு கிளிப், அதுவும் முனை நீளமாக இருந்தால்தான். குட்டையான முனையில் இரண்டாவது கிளிப் காற்றைத்தான் இறுக்கும். வாங்கும்போது சின்னக் காந்தம் ஒன்றைக் கொண்டுபோங்கள். பட்டை நல்ல ஸ்டெயின்லெஸ்ஸாக இருக்கும், திருகாணி மட்டும் காந்தத்தில் ஒட்டும். அது வேண்டாம். ஏற்கெனவே மாட்டியிருக்கும் கிளிப்பைத் தளர்த்தி, திருகாணி உட்காரும் பெட்டிக்கு அடியில் பாருங்கள். துரு அங்கேதான் ஒளிந்திருக்கும்.

நம் கடல் வெதுவெதுப்பானது, அதனால் தெரிதிப் வேகமாக வளரும். படகின் அடியில் சிப்பி மாதிரி ஒட்டி வளரும் பார்னக்கிளை இங்கே மலாயில் அப்படித்தான் சொல்வோம். ஜெரஜாக் தீவுப் பக்கம் நங்கூரம் போட்டு ஓடாமலே நின்ற படகுகளில், ஒன்றரை அங்குல வடிகால் ஒரு விரல் அளவுக்குச் சுருங்கியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். கரையேற்றும்போது சுரண்டிவிட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் எட்டும்வரை உள்ளே அடிப்பகுதிப் பெயின்டையே பூசுங்கள்.

தண்ணீரில் இருக்கும்போது செய்ய வேண்டியது மாதம் ஒருமுறை, கால் மணி நேரம். வால்வை மூடுங்கள். அந்த வால்வோடு சேரும் வடிகாலில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றுங்கள். தண்ணீர் ஹோஸில் ஏறி ஓட்டையின் வாயில் நிற்க வேண்டும். நின்றால் வால்வு உண்மையிலேயே மூடுகிறது. மெதுவாக இறங்கினால் கசிகிறது. ஒரேயடியாகத் திறவுங்கள், மடமடவென்று இறங்க வேண்டும். சோம்பலாக இறங்கினால் கீழே அடைப்பு. இப்படி நாலைந்து தடவை. கடைசியில் திறந்திருக்கிறதா என்று மறுபடி பாருங்கள், அது முக்கியம். இறுகிக் கிடந்தால் கைப்பிடியில் குழாயைச் செருகி நெம்பாதீர்கள். முக்குளிப்பவரை வைத்து வெளியிலிருந்து அடைத்துவிட்டு, அப்புறம் கை வையுங்கள்.

ஒவ்வொரு வால்வோடும் அதன் அளவுக்கு ஒரு மர ஆப்பைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். பைன் போன்ற மென்மரம், ஊறி உப்பிப் பிடித்துக்கொள்ளும். அலமாரியில் பத்திரமாக வைத்தால் அவசரத்துக்குக் கிடைக்காது.

சாரின் படகைக் கரையேற்றி இரண்டு பக்கமும் வெண்கலம் போட்டோம். போன மாதம் கூப்பிட்டார். “தம்பி, வாளித் தண்ணி ஊத்திப் பார்த்தேன். இடது பக்கம் நிக்கல, இறங்குது.” சனிக்கிழமை போனேன். கூம்புக்கும் உறைக்கும் நடுவில் அரிசி மணி அளவு சிப்பித் துண்டு ஒன்று மாட்டியிருந்தது. வெளியே ஆப்பு வைத்து, கழற்றி, துடைத்து, கிரீஸ் போட்டுப் பூட்டினேன். சார் வாளியைத் தூக்கி ஊற்றினார். தண்ணீர் விளிம்பில் வந்து நின்றது. இருவரும் ஐந்து நிமிடம் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அப்புறம் வால்வைத் திறந்தார்.