குடலுக்குள் இரண்டு செரட்டோனின்

பரீட்சைக்குக் கிளம்பும் நேரத்தில் சாப்பிட்டது இறங்காமல் மேல்வயிற்றிலேயே நிற்கும். அதே சமயம் அடிவயிறு கலக்கிக் கழிப்பறைக்கு விரட்டும். பதற்றத்தில் மூளை சுரக்கும் சி.ஆர்.எஃப். என்ற ஹார்மோன் இரைப்பையை மந்தமாக்கி, பெருங்குடலை முடுக்குகிறது. ஆனால் மூளை முடுக்கத்தான் முடியும். குடலை ஓட்டுவது குடலின் சொந்த நரம்புகள்.

1958-ல் ஆக்ஸ்ஃபர்டில் எடித் பியூல்பிரிங்கும் லின்னும் கினிப்பன்றியின் சிறுகுடல் துண்டை ஆக்சிஜன் ஏற்றிய வெதுவெதுப்பான உப்புக் கரைசலில் வைத்து, உள்ளே நீரழுத்தத்தைக் கூட்டினார்கள். மூளையோ முதுகுத்தண்டோ இல்லாமலே துண்டு அலையடித்தது. நரம்புகள் சேதி கடத்தப் பயன்படுத்தும் செரட்டோனின் என்ற வேதிப்பொருளை உள்பக்கம் விட்டால் குறைந்த அழுத்தத்திலேயே அலை கிளம்பியது. வெளிப்பக்கம் விட்டால் அடங்கியது. ஒரே பொருள், இடம் மாறினால் வேலையும் மாறுகிறது.

பியூல்பிரிங்கிடம் பணியாற்றிய அமெரிக்கர் மைக்கேல் கெர்ஷான், எலிக்குடலின் தசையடுக்குகளுக்கு நடுவேயுள்ள நரம்புப் பின்னலும் செரட்டோனினைத் தயாரிக்கிறது என்று 1965-ல் எழுதினார். எளிதில் யாரும் ஏற்கவில்லை. குடல் செரட்டோனினில் மிகப் பெரும்பங்கு உட்சுவர் செல்களில்தான் இருக்கிறது. அந்த வெள்ளத்தில் நரம்பிலுள்ள துளியை யார் பிரித்துப் பார்ப்பது?

பிரித்துப் பார்க்காமல் மருந்து கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு அலோசெட்ரான் சாட்சி. பேதி மிகுந்த ஐ.பி.எஸ். (எரிச்சல் குடல் நோய்) உள்ள பெண்களுக்கு 2000 பிப்ரவரியில் அமெரிக்கா இதை அனுமதித்தது. செரட்டோனின் வந்து ஒட்டும் ஒருவகை ஏற்பியை இது அடைக்கும். வலியை மூளைக்குச் சொல்லும் நரம்பிலும் அந்த ஏற்பி உண்டு, குடலை நகர்த்தும் நரம்பிலும் உண்டு. வலி குறைந்தது. கூடவே சிலருக்குக் கடும் மலச்சிக்கல். சிலருக்கு ரத்த ஓட்டம் குறைந்து பெருங்குடல் அழற்சி. நவம்பரிலேயே விற்பனை நின்றது. 2002-ல் கட்டுப்பாடுகளோடு திரும்பியபோது தொடக்க அளவு தினம் 2 மி.கி.யிலிருந்து 1 மி.கி.யாகக் குறைந்தது.

வெள்ளத்தையும் துளியையும் கெர்ஷானின் கொலம்பியா பல்கலைக்கழகக் குழு 2011-ல் பிரித்தது. செரட்டோனின் தயாரிக்க உட்சுவரில் டி.பி.எச்.1, நரம்பில் டி.பி.எச்.2 என்று தனித்தனி நொதிகள் உண்டு. முதலாவதன் மரபணுவை நீக்கிய எலிக்குக் குடல் வழக்கம்போல் ஓடியது; இரண்டாவதை நீக்கியதும் மந்தமானது. 46 வருடம் கழித்துத் துளி ஜெயித்தது.

மனச்சோர்வோடு தொடர்புள்ளதாகச் சொல்லப்பட்ட ஒரு டி.பி.எச்.2 மரபணு மாற்றத்தை 2019-ல் எலியில் புகுத்திப் பார்த்தார்கள். குடல் நரம்புகள் குறைந்தன, மலம் தங்கியது. உடலில் செரட்டோனினாக மாறும் மூலப்பொருளான 5-எச்.டி.பி.யை மெதுவாக வெளிப்படும் வடிவில் கொடுத்ததும் வளர்ந்த எலியிலும் இரண்டும் சீரடைந்தன. கடையில் துணையுணவாக விற்கும் சாதாரண 5-எச்.டி.பி. உடலில் சீக்கிரமே தீர்ந்துவிடும், இது அதுவல்ல.