வால்யூம் பொருந்தினால் மாடல் சரியாகிவிடாது

போன வாரம் இன்னோர் அறிக்கை வந்தது. நோயாளியின் எம்ஆர்ஐ ஸ்கேனிலிருந்து இதயத்தின் இடது கீழறைக்குக் கட்டிய கணினி மாடல், நீலத்திலிருந்து சிவப்பு வரை பளபளவென்று ஒரு வண்ணப் படம், அதன் கீழே: சுவர்த் தகைவு (சுவரின் தசை ஓர் அலகுப் பரப்பில் தாங்கும் விசை) 14.37 கிலோபாஸ்கல். இவ்வளவு கூடலாம், இவ்வளவு குறையலாம் என்று ஒரு சொல் இல்லை. இதை ஏன் நம்ப வேண்டும் என்று கேட்டால் எல்லோரும் சொல்லும் பதில்தான்: “சார், வால்யூம் கர்வ் எம்ஆர்ஐயோட அப்படியே பொருந்துதே!” கீழறைக்குள் இருக்கும் ரத்தத்தின் அளவு துடிப்பின்போது ஏறி இறங்கும் கோட்டைச் சொல்கிறார்கள்.

பொருந்தத்தான் செய்யும். பொருந்தும்வரை எண்களைத் திருகியது மாடல் கட்டிய நீங்கள்தானே?

இதை நிதானமாகச் சொல்லிவிடுகிறேன், திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துவிட்டது. தளர்ந்திருக்கும் இதயத் தசையின் விறைப்பைக் கணக்கிட ஆய்வாளர் குச்சியோனேயின் குழு 1991இல் தந்த சமன்பாட்டைப் பலரும் எடுக்கிறார்கள். அதில் நான்கு மாறிலிகள். ஒன்று முன்னால் நின்று பெருக்கும், மற்ற மூன்றும் அடுக்கில் (எக்ஸ்போனென்டில்) இருக்கும். முன்னால் இருப்பதைக் கூட்டி அடுக்கில் இருப்பவற்றைக் குறைத்தால், அழுத்த-வால்யூம் கோடு ஏறக்குறைய பழைய இடத்திலேயே வந்து நிற்கும். பெருக்கினால் 12 வரும் இரண்டு எண்கள் எவை என்றால் 3, 4 என்பதும் சரி, 2, 6 என்பதும் சரி, கதை அதுதான். உங்கள் மென்பொருள் அவற்றில் ஒரு ஜோடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டது. ஸ்கேன் எடுத்தபோதிருந்த அழுத்தத்தில் எந்த ஜோடியும் ஒத்துப்போகும். ஆனால் டாக்டர் கேட்பது அதையா? அழுத்தம் ஏறினால் என்ன ஆகும், வால்வை மாற்றினால் என்ன ஆகும் என்று கேட்கிறார். அங்கே போனதும் ஒவ்வொரு ஜோடியும் ஒவ்வொரு விடை சொல்லும். தகைவு இன்னும் மோசம். துடிக்கும் இதயத்தின் சுவரில் அதை நம்பகமாக நேரடியாக அளக்க வழியில்லை. வால்யூம் பொருந்தியது அதற்குச் சாட்சி ஆகாது.

மாடலுக்குள் போகும் மற்றவையும் ஒன்றும் உறுதியானவை அல்ல. எம்ஆர்ஐயின் ஒவ்வொரு ஸ்லைஸின் (வெட்டுப் படத்தின்) தடிமன் பெரும்பாலும் 8 மில்லிமீட்டர். கீழறைச் சுவரே கிட்டத்தட்ட அவ்வளவுதான். தசை நார்களின் கோணத்தை உள்பக்கம் +60 டிகிரி, வெளிப்பக்கம் −60 டிகிரி என்று விதிப்படி வைக்கிறோம், அந்த நோயாளியிடம் அளந்து அல்ல. இதயத்துக்குள் கதீட்டர் குழாய் விட்டு அளக்காத நோயாளிக்கு டயஸ்டோல் முடிவின், அதாவது கீழறை தளர்ந்து ரத்தம் நிரம்பி முடியும் கணத்தின், அழுத்தம் என்ன? புத்தகத்திலிருந்து ஓர் எண். அழுத்தமே இல்லாதபோது இதயத்தின் வடிவம் எப்படி இருக்கும் என்பதும் பின்னோக்கிக் கணக்கிட்டு ஊகிப்பதுதான். இத்தனை ஊகத்துக்கு மேல் இரண்டு தசம இடங்கள்!

மென்பொருள் கணக்கைச் சரியாகப் போடுகிறதா என்பது தனிக் கேள்வி. அதற்கு, இதய மென்பொருள்களின் விடைகளை ஒப்பிட்டுச் சோதிக்க 2015இல் வெளியான மூன்று கணக்குகள் இருக்கின்றன. முதலில் அவற்றை ஓட்டிப் பாருங்கள். (கணக்குக்காக இதயச் சுவரைச் சிறு துண்டுகளாகப் பிரிப்பதுதான் மெஷ். எளிய டெட்ராஹெட்ரன், அதாவது நான்முகத் துண்டு, மெஷ்ஷில் ஓட்டிவிட்டு, தசை விறைத்துவிட்டது என்று முடிவு எழுதியவர்களும் உண்டு. விறைத்தது மெஷ்.)

அப்புறம், எந்த உள்ளீடு விடையை அதிகம் ஆட்டுகிறது என்று உணர்திறன் ஆய்வு செய்யுங்கள். அந்த இரண்டு மூன்றை மட்டும் அவற்றின் நியாயமான வரம்புக்குள் மாற்றி மாற்றி ஓட்டுங்கள். ஓர் ஓட்டத்துக்கே மணிக்கணக்கில் ஆகிறது என்று சொல்லித் தப்பிக்க வேண்டாம். சில நூறு ஓட்டங்களை வைத்து, பெரிய மாடலின் விடையைச் சட்டென்று ஊகிக்கும் ஒரு பதிலி மாடல் கட்டலாம். அளவீட்டில் ஒரு பகுதியை, முடிந்தால் டேகிங் எம்ஆர்ஐ (தசையில் கோடுகள் பதித்து அவை நகர்வதைப் பார்க்கும் ஸ்கேன்) காட்டும் திரிபை, அதாவது தசை எவ்வளவு நீள்கிறது, சுருங்குகிறது என்பதை, பொருத்துவதற்குத் தொடாமல் சரிபார்க்க என்று ஒதுக்கி வையுங்கள். விடையை வீச்சாகவே எழுதுங்கள். வீச்சு அகலமாகி டாக்டரின் கேள்விக்கு உதவாமல் போனால், உதவாது என்றே எழுதுங்கள். மருத்துவக் கருவிகளுக்காக அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கமான ஏஎஸ்எம்இ 2018இல் வெளியிட்ட வி அண்ட் வி 40 தரநிலையும், முடிவு தவறினால் எவ்வளவு ஆபத்தோ அவ்வளவு ஆதாரம் வேண்டும் என்றுதான் சொல்கிறது.

டாக்டர்களே, வண்ணத்தில் மயங்காதீர்கள். பக்கத்தில் இருக்கும் அளவுகோலின் மேல் எல்லையை 15லிருந்து 30 ஆக மாற்றினால் சிவந்த சுவரெல்லாம் பச்சையாகிவிடும், அதே விடைதான். எதைப் பொருத்தினீர்கள், எதை வைத்துச் சரிபார்த்தீர்கள் என்று தனித்தனியாகக் கேளுங்கள். தயவுசெய்து இன்னொன்று: எம்ஆர்ஐ எடுக்கும்போதே கையில் கஃப் கட்டி ரத்த அழுத்தத்தையும் பார்த்து, நேரத்தோடு குறித்து அனுப்புங்கள். மூன்று மாதம் முந்தைய ஓபி சீட்டிலிருந்து எடுத்த எண் வேண்டாம்.