உறைய மறுக்கும் துளிகள்

காலிமுகத்திடலிலிருந்து நேர் தெற்கே ஒரு கோடு இழுத்தால், அந்தாட்டிக்கா வரை நிலமே குறுக்கிடாது. 8,000 கிலோமீட்டருக்கும் மேல் வெறும் கடல். அங்கே புயல் எழுப்பும் நீண்ட அலைகள் சில நாட்களில் நம் கரைக்கே வந்து சேரும். ஆகவே தென்துருவ வானிலையைக் கணினி எவ்வளவு சரியாகக் கணிக்கிறது என்பது முகத்துவாரத்து மீனவருக்கும் வேண்டிய விஷயம்.

காலநிலை மாதிரிகள் எனப்படும் கணினி நிரல்கள் பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்குப் போடுகின்றன. ஒரு கட்டம் பெரும்பாலும் 100 கிலோமீட்டர் அளவில் இருக்கும். கொழும்பும் காலியும் கிட்டத்தட்ட ஒரே கட்டம். அதைவிடச் சிறியதையெல்லாம் தோராயச் சூத்திரத்தில்தான் அடக்க முடியும். துருவத்தில் தொல்லை தருவதே அந்தச் சிறியவைதான். கடற்பனியில் சில மீட்டருக்கு வெடிப்பு விழுந்தாலும் போதும், -1.8 பாகை நீரிலிருந்து -30 பாகைக் காற்றுக்கு வெப்பம் கொட்டத் தொடங்கிவிடும்.

இன்னும் சிக்கலானவை முகில்கள். தண்ணீர் 0 பாகையில் உறையும் என்றுதான் பள்ளியில் படித்தோம். ஆனால் முகில் துளி உறைய, பற்றிக்கொள்ளத் தூசு போன்ற ஒரு துகள் வேண்டும். நிலத்துக்கு வெகுதூரத்திலுள்ள தென்சமுத்திரத்தில் அத்தகைய துகள்கள் மிகக் குறைவு. அதனால் -20 பாகையிலும் துளிகள் நீராகவே மிதக்கின்றன. பழைய மாதிரிகள் அவற்றைச் சீக்கிரமே பனியாக்கிவிட்டன. பனித்துகள்கள் வளர்ந்து கீழே விழுந்துவிடும், முகில் மெலியும், கணினிக்குள் இருக்கும் கடல் அளவுக்கு மீறி வெயில் குடிக்கும். 2018இல் ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட்டிலிருந்து புறப்பட்ட ஆய்வு விமானம் இந்த முகில்களுக்குள்ளேயே பறந்து துளிகளை அளந்தது.

சரி, மாதிரிகளில் இந்தத் துளிகளைத் திருத்தினால் பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. புதிய மாதிரிகள் சில, வருங்கால வெப்பமயமாதல் முன்பு நினைத்ததைவிடக் கூடுதல் என்று காட்டின. பனி முகில், சூடேறும்போது நீர் முகிலாகி வெயிலை அதிகம் திருப்பியனுப்பும். அது பூமிக்கு ஒரு தணிப்பு. ஏற்கனவே நீராக இருக்கும் முகிலிலோ அந்தத் தணிப்புக்கு இடம் குறைவு. எனக்கு உண்மையிலேயே கவலை தரும் முடிவு இது. எண்கள் எவ்வளவு சரி என்று ஆய்வாளர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள்.

விவாதம் தீர அளவீடுகள்தான் வேண்டும். வடதுருவத்தில் 2019 முதல் 2020 வரை போலார்ஷ்டேர்ன் என்ற ஜெர்மன் கப்பல் பனியோடு பனியாக மிதந்தபடியே காற்றையும் முகிலையும் பனியையும் அளந்தது. தென்சமுத்திரத்தில் குளிர்கால அளவீடுகள் இன்னும் மிகக் குறைவு. அடுத்த ஆய்வுக் கப்பல்கள் அங்கே, அதுவும் குளிர்காலத்தில், போக வேண்டும்.