ஓடிபி வரும் சிம்முக்குத் தனி பட்டன் போன்

கைக்கணினி வேறு, செல்போன் வேறு என்று இருந்த காலம் உண்டு. 1996-இல் வந்த பாம் பைலட்டில் முகவரிகளும் நாட்குறிப்பும் இருக்கும். பேசுவதற்கு இன்னொரு கருவி வேண்டும். இரண்டும் ஒன்றானதில் சட்டைப்பை இலேசானது, சரி. வங்கிக் கணக்குக்கு மட்டும் அந்தப் பழைய பிரிவினையே நல்லது என்பேன்.

கடவுச்சொல் தெரிந்தவரிடம் போனும் இருக்கிறதா என்று பார்க்கத்தான் வங்கி ஓடிபி அனுப்புகிறது. வங்கி ஆப்பும் ஓடிபியும் ஒரே போனில் இருந்தால் இரண்டு பூட்டுக்கும் ஒரே சாவி. வாட்ஸ்அப்பில் 'கல்யாணப் பத்திரிகை', 'டிராஃபிக் அபராதம்' என்று வரும் கோப்பின் பெயர் எப்படி முடிகிறது என்று பாருங்கள். பத்திரிகை படமாகவோ பிடிஎஃப் ஆகவோதான் வரும். 'ஏபிகே' என்று முடிந்தால் அது ஆப். தொட்டதும் தெரியாத ஆப்பை நிறுவ அனுமதி கேட்கும். அடுத்து எஸ்எம்எஸ் படிக்க அனுமதி. இரண்டையும் கொடுத்துவிட்டால் உங்களுக்கு வரும் ஓடிபி அதை அனுப்பிய மோசடிக்காரனுக்கும் போகும். திரையில் ஒன்றும் தெரியாது.

எனவே சேமிப்பும் வைப்புத்தொகையும் உள்ள கணக்குக்குத் தனி எண் கொடுத்து, அந்த சிம்மைப் பட்டன் போனில் போடுங்கள். அந்த வங்கியின் ஆப் ஸ்மார்ட்போனில் வேண்டாம். வீட்டுக் கணினியில் நெட் பேங்கிங் போதும். யுபிஐக்கு இது ஒத்துவராது. பதிவு செய்யும்போது அதே போனிலிருந்து எஸ்எம்எஸ் போக வேண்டும் என்பதால் சிம்மும் அதிலேயே இருக்க வேண்டும். ஆகவே யுபிஐக்கு வேறொரு சிறு கணக்கு வைத்து, மாதச் செலவுக்கு வேண்டியதை மட்டும் அதில் போடுங்கள்.

பட்டன் போன் வாங்கும்போது பலர் கோட்டை விடுவது ஒன்று: ஜியோவுக்கு 2ஜி கிடையாது, 4ஜி பட்டன் போன்தான் வேண்டும். பழைய 2ஜி போனில் அந்த சிம்மைப் போட்டால் சிக்னலே வராது.

இன்னொரு தொல்லை, எஸ்எம்எஸ் இடம் நிரம்புவது. மலிவான போன்களில் திரை மூலையில் உறைப் படம் மின்னிக்கொண்டே இருந்தால் இன்பாக்ஸ் நிறைந்துவிட்டது என்று பொருள். அழிக்கும்வரை புது ஓடிபி உள்ளே வராது. வங்கியைத் திட்டிப் பயனில்லை. செய்தி சேமிக்கும் இடத்தை சிம்மிலிருந்து போனுக்கு மாற்றிவிட்டு, வாரம் ஒருமுறை பழையதை அழியுங்கள்.

ப்ரீபெய்டு சிம் 90 நாள் பயன்பாடில்லாமல் கிடந்தால் எண் பறிபோகலாம். ரீசார்ஜ் தேதியைக் காலண்டரில் குறித்துவையுங்கள். மாதம் ஒரு அழைப்பாவது செய்யுங்கள்.

பட்டன் போனில் திரைப்பூட்டு பெயருக்குத்தான். சிம் பின், அதாவது போனை ஆன் செய்யும்போது சிம் கேட்கும் ரகசிய எண், போடுங்கள். முதல் பின் என்ன என்று சிம் நிறுவனத்திடம் கேட்ட பிறகே போடுங்கள். ஊகித்து மூன்று முறை தவறினால் பியுகே என்ற திறப்பு எண்ணைக் கேட்கும், அதையும் பத்து முறை தப்பாக அடித்தால் சிம் செத்துப்போகும்.

யாரோ கூப்பிட்டு ஓடிபி கேட்க, நீங்களே வாசித்துக் காட்டினால் எத்தனை போன் வைத்திருந்தும் வீண். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். அந்த நேரத்தில் ஸ்மார்ட்போனின் நெட்டை அணைத்துவிட்டு, பட்டன் போனிலிருந்தே பேசுங்கள்.