காட்டை அளந்த சங்கிலி

காட்டு நில அளவை கற்க வருபவருக்குச் சீக்கிரமே காதில் விழும் சொல் ‘செயின்’. தரையில் இழுத்துப் போடும் கருவிக்கும் அதுதான் பெயர், அந்தக் கருவியின் நீளத்துக்கும் அதுதான் பெயர், அதை வைத்து அளக்கும் முறைக்கும் அதுதான் பெயர். மூன்றையும் பிரித்துப் புரிந்துகொள்ளாமல் பழைய எல்லைக் குறிப்பு எதையும் ஒழுங்காகப் படிக்க முடியாது.

ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீனின் ‘கத்தேனா’. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து ‘செயின்’ ஆனது. அளவைச் சங்கிலிக்கு நிலையான வடிவம் கொடுத்தவர் எட்மண்ட் கன்டர் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர், 1620 வாக்கில். அவருடைய சங்கிலி 66 அடி, அதில் 100 கண்ணிகள் (ஆங்கிலத்தில் ‘லிங்க்’). கிரிக்கெட் ஆடுகளத்தின் 22 கெஜமும் இதே நீளம்தான். 66 என்பது விநோதமான எண்ணாகத் தோன்றலாம். ஆனால் 10 சதுரச் சங்கிலி சரியாக ஒரு ஏக்கர், 80 சங்கிலி ஒரு மைல். அளந்த கையோடு ஏக்கர் கணக்குப் போட்டுவிடலாம். இன்று வேலூரிலும் குடியாத்தத்திலும் மனை விற்கிறவர் சொல்லும் ‘சென்ட்’ கூட இந்தக் கணக்கில் அழகாக அடங்கும்: 1,000 சதுரக் கண்ணி ஒரு சென்ட், அதாவது 435.6 சதுர அடி. இப்போதைய மெட்ரிக் சங்கிலிகள் 20 மீட்டர் அல்லது 30 மீட்டர். ஆகவே வெறுமனே ‘ஐந்து செயின்’ என்று எழுதியிருந்தால், எந்தச் சங்கிலி என்று பார்த்துவிட்டுத்தான் மேலே படிக்க வேண்டும்.

தமிழில் ‘சங்கிலி’ வடமொழியின் ‘ச்ருங்கலா’ பிராகிருதம் வழியாக வந்த வடிவம். நெடுங்காலமாக நம்மோடு இருக்கிற சொல். சுந்தரர் மணந்த சங்கிலியாரின் பெயரே சாட்சி. அதற்கும் முன்னால் நம்மிடம் இருந்த சொல் ‘தொடர்’. சங்கிலியில் கட்டிய நாயைப் புறநானூற்றின் 74ஆம் பாடல் ‘தொடர்ப்படு ஞமலி’ என்கிறது. நிலத்தை அளக்க மட்டும் நம்மவர் சங்கிலி எடுக்கவில்லை, கோல் எடுத்தார்கள். சோழர் கல்வெட்டுகளில் ‘உலகளந்த கோல்’ வருகிறது. கோல் சமநிலத்து வயலுக்கு ஏற்றது.

காட்டில் கதையே வேறு. வேலூர் பக்கத்து அமிர்தியைத் தாண்டி ஜவ்வாது மலைச் சரிவில் ஏறும்போது சங்கிலியைத் தரையோடு தரையாகப் போட்டு அளந்தால் கணக்கு தப்பும். வரைபடம் கிடைத்தளத் தூரத்தை, அதாவது மட்டமாக அளந்த தூரத்தைத்தான் காட்டும். 30 டிகிரிச் சரிவில் தரையில் கிடக்கும் 20 மீட்டர், வரைபடத்தில் 17.32 மீட்டர்தான். அதனால் மலையில் சங்கிலியைச் சிறு துண்டுகளாக, படிப்படியாக மட்டமாகத் தூக்கிப் பிடித்து, முனையிலிருந்து தூக்குக்குண்டு விட்டுப் புள்ளியைக் குறிப்பார்கள். நடுவில் தொய்ந்தால் தூரம் கூடுதலாகக் காட்டும். மேலிருந்து கீழே அளந்து வருவது சுலபம். இல்லையென்றால் சரிவுக் கோணத்தை அளந்து கணக்கில் திருத்த வேண்டும். உண்ணிச்செடிப் புதருக்குள் இதையெல்லாம் செய்கிறவர்களின் உழைப்பு சாதாரணமல்ல.

வெறும் சங்கிலி அளவை என்றால் நீளங்களை மட்டும் வைத்து நிலத்தை முக்கோணங்களாகப் பிரிப்பது. மரம் மறைக்கும் காட்டுக்குள் அது நடக்காது. அங்கே எல்லைக் கல்லிலிருந்து அடுத்த கல்லுக்குத் திசைமானியில் கோணம், சங்கிலியில் தூரம் என்று சுற்றிலும் நடந்து, தொடங்கிய கல்லுக்கே திரும்ப வர வேண்டும். வரைந்து பார்க்கையில் இரண்டு முனையும் சேராமல் நிற்கும் இடைவெளிதான் பிழை. அப்புறம் ஒன்று: சங்கிலி இரும்பு. திசைமானிக்குப் பக்கத்தில் கிடந்தால் முள்ளை இழுத்துவிடும். தள்ளி வைத்துவிட்டுத்தான் கோணம் பார்க்க வேண்டும். 1882ஆம் ஆண்டின் வனச் சட்டப்படி காப்புக்காடு அறிவிக்க எல்லை தெளிவாக இருந்தாக வேண்டும். ஒரு டிகிரி பிசகினாலும் காட்டோரத்து விவசாயியின் கொல்லை காட்டுக்குள் போய்விடலாம், காடு கொல்லைக்குள் வந்துவிடலாம். செயற்கைக்கோள் சமிக்ஞையை வைத்து இடத்தைத் துல்லியமாகக் காட்டும் டிஜிபிஎஸ் கருவி வந்த பிறகும் அடர்ந்த மரநிழலில் சமிக்ஞை தடுமாறுகிறது. பழைய முறையைத் தெரிந்து வைத்திருப்பது வீண் இல்லை.

சரி, தமிழில் எப்படி எழுதலாம்? ‘தொடர்’ பழைய சொல்தான், எனக்குப் பிடித்ததும்கூட. ஆனால் இன்று அது வரிசை, வாக்கியம், தொலைக்காட்சித் தொடர் என்று வேறு பக்கம் போய்விட்டது. கருவிக்கு ‘அளவுச் சங்கிலி’, முறைக்குச் ‘சங்கிலி அளவை’, அலகுக்குச் ‘சங்கிலி நீளம்’ என்று எழுதினால் மூன்றும் கலக்காது. ‘லிங்க்’குக்குக் ‘கண்ணி’ பொருத்தமான சொல். ஏட்டில் தாராளமாக எழுதலாம். ஆனால் வனக்காவலரோடு காட்டுக்குள் நிற்கும்போது கண்ணி என்றால் முயலுக்கும் காட்டுப்பன்றிக்கும் வைக்கும் சுருக்கு. அங்கே ‘சங்கிலிக் கண்ணி’ என்று முழுதாகச் சொல்வதே நல்லது.