விண்டோஸ் வரவில்லையா? ஃபார்மேட்டில் கை வைக்காதீர்கள்

சிங்கப்பூர் ஈசூனில் டியூஷன் எடுக்கும் அக்கா ஒருவர் சனிக்கிழமை இரவு பத்தரைக்கு அழைத்தார். "தம்பி, லேப்டாப் திறக்கவே மாட்டேங்குது, கறுப்புத் திரையில ஏதோ இங்கிலீஷ்ல வருது. பையன் எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா விண்டோஸ் போடட்டுமாங்கிறான்." ஆறு வருடப் பயிற்சித்தாள்கள் அதற்குள் இருந்தன. "யாரும் எதையும் தொடவேண்டாங்க்கா" என்றேன்.

மறுநாள் போய்ப் பார்த்தால், பக்கவாட்டில் ஒரு தம்ப் டிரைவ் செருகியபடியே இருந்தது. பழைய லேப்டாப், விண்டோஸை முதலில் அதில் தேடி, கிடைக்காமல் அங்கேயே நின்றுவிட்டது. பிடுங்கிவிட்டு மறுபடி இயக்கினேன், வந்துவிட்டது. இதற்கெல்லாம் எப்படிக் காசு வாங்குவது? தோசை சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

விண்டோஸ் வரவில்லை என்பதால் உள்ளே இருக்கும் படங்களும் கோப்புகளும் போய்விட்டதாக அர்த்தமில்லை. பெரும்பாலும் பத்திரமாகத்தான் இருக்கும். அவசரப்பட்டு ஃபார்மேட் போட்டு நாமே அழித்துவிடுகிறோம்.

முதலில் காது கொடுத்துக் கேளுங்கள். பழைய வகை ஹார்ட் டிஸ்க் 'டக், டக்' என்று ஒரே தாளத்தில் அடித்தால் உடனே அணைத்துவிடுங்கள். இணையத்தில் பார்த்துவிட்டு, டிஸ்கைச் சோதிக்கும் 'செக் டிஸ்க்' ஓட்டாதீர்கள். சாகக் கிடக்கும் டிஸ்கை அது மூலைமுடுக்கெல்லாம் படிக்க வைக்கும், மிச்ச உயிரும் போய்விடும்.

சத்தம் எதுவும் இல்லை, லோகோ வந்து நின்றுவிடுகிறது என்றால், பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணையுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை செய்தால் விண்டோஸ் தானாகவே பழுதுபார்க்கும் திரைக்குப் போகும். அங்கே 'ஸ்டார்ட்டப் ரிப்பேர்', கடைசியாக வந்த அப்டேட்டை நீக்குவது, இரண்டையும் தாராளமாக முயன்று பார்க்கலாம். விண்டோஸைப் புதிதாகப் போடும் 'ரீசெட்' பக்கம் மட்டும் போகாதீர்கள்.

அந்தத் திரையில் பலர் மாட்டிக்கொள்வது பிட்லாக்கரிடம், அதாவது விண்டோஸ் டிஸ்குக்குப் போடும் பூட்டிடம். புது லேப்டாப்கள் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்ததுமே டிஸ்க் தானாகப் பூட்டிக்கொள்கிறது. வாங்கியவருக்கே தெரியாது. மதர்போர்டை மாற்றினாலோ பயாஸ் (கணினியை இயக்கியதும் முதலில் ஓடும் நிரல்) அமைப்பில் கை வைத்தாலோ 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். 2024 ஜூலை 19 நினைவிருக்கிறதா? பாதுகாப்பு மென்பொருள் ஒன்றின் கோளாறான அப்டேட்டால் உலகம் முழுக்க நீலத் திரை, சாங்கியில் சில விமான நிறுவனங்கள் பயணிகளைக் கையால் பதிவு செய்தன. அன்று ஐடி ஆட்கள் பலர் ஓடியதும் இந்த 48 இலக்க எண்களைத் தேடித்தான்.

கணினி நன்றாக இருக்கும்போதே உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அந்த எண்ணை எடுத்து, காகிதத்தில் எழுதி, பாஸ்போர்ட் வைக்கும் இடத்தில் வையுங்கள். அதே லேப்டாப்பில் சேமித்து வைக்கிறார்கள் சிலர். சாவியை வீட்டுக்குள் போட்டுப் பூட்டுவதுதான் அது.

போன வருடம் பாலிடெக்னிக் மாணவர் ஒருவர் வந்தார். மதர்போர்டு வேறொரு கடையில் மாற்றியது. மைக்ரோசாஃப்ட் கணக்கு உயர்நிலைப் பள்ளியில் படித்தபோது தொடங்கியதாம். பாஸ்வேர்டு மறந்துவிட்டது, கைபேசி எண்ணும் மாறிவிட்டது. கீழே கோப்பிக்கடையில் உட்கார்ந்து மீட்பு எண்ணை எடுக்க இரண்டு மணி நேரம் முயன்றோம். டிஸ்கில் ஒரு குறையும் இல்லை. அவருடைய இறுதியாண்டு புராஜெக்ட் இன்னமும் முழுசாக அதற்குள்தான் இருக்கிறது.